மாதா தாண்டிப்போன வாசல்

அன்பு மகனே,

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தலத்தெருவில் நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள்: பங்குத் தந்தை, நம் அன்பியத்தின் தலைவி லூர்து அக்கா, மளிகைக்கடை அந்தோணி அண்ணன், ஓய்வு பெற்ற சவரிமுத்து வாத்தியார், சாட்சிக் கடிதம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மும்தாஜ், நம் பின்கட்டில் குடியிருக்கும் ரெஜினா, அவள் மகள் நிஷாந்தி, செயலாளர் என்ற முறையில் நான். ஆக எட்டுப் பேர். நாலு தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, யாருக்கு என்ன கஷ்டம் என்று பேசிக்கொள்ளும் கூட்டம்தானே இது, உனக்குத் தெரியும். வழக்கம்போல் நோட்டில் வந்தவர் பெயரை எழுதி முடித்து, வராதவர் என்ற கட்டத்துக்கு வந்தபோது அந்தோணி அண்ணன் எட்டிப் பார்த்து, "எழுதுங்க தங்கச்சி, வூட்டு ஓனர் ஆப்சென்ட்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எழுதினேன்.

இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். உனக்கு இன்றே போகிறது. பங்கு இதழில் அடுத்த மாதம் வரும். பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கின்றன, அவர்களும் வாசிக்கட்டும் என்று சாமியார் சொன்னார். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. ரெஜினாவின் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா. எங்கயாவது ஒரு இடத்தில என்ர பேர் எழுதி இருக்கட்டும்" என்றாள்.

விஷயத்தை உனக்குத் தெரிந்ததுதானே என்று விட்டுவிடாமல் முதலிலிருந்து சொல்கிறேன். ரெஜினா எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். முகாமில் வளர்ந்து, அவளைப் போலவே படகில் வந்த ஒருவரை மணந்து, அவர் பெயிண்ட் வேலைக்கு நம் ஊருக்கு வந்தபோது கூட வந்தவள். அவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தபோது நிஷாந்திக்கு ஏழு வயது. அன்றிலிருந்து இன்று வரை பதினான்கு வருடம் அவர்கள் இருவரும் நம் பின்கட்டில்தான். நிஷாந்தி இந்த மண்ணில் பிறந்தாள், நம் ஊர்ப் பேச்சுதான் பேசுவாள், நர்சிங் முடித்துவிட்டாள். வேலைக்கு எழுதிப் போட்ட இடத்தில் எல்லாம் சரி, குடியுரிமை என்ற கட்டம் மட்டும் காலி என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அம்மாவின் நாட்டில் அவள் பிறக்கவில்லை, பிறந்த நாட்டில் அவள் பெயர் இல்லை. பக்கத்து மாவட்டத்துக்குக் கல்யாணத்துக்குப் போக வேண்டுமென்றாலும் அனுமதி கேட்கிறாள். இப்படி இருப்பவர்களுக்காகச் சட்டத்தையே இரக்கத்தோடு மாற்ற வேண்டும், கடல் தாண்டி உயிர் பிழைக்க வந்தவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கள்ளத்தனமாக நுழைந்தவர்கள் என்று எழுதக்கூடாது, குடியுரிமை கேட்க ஒரு வாசல் வேண்டும் என்று டெல்டாப் பக்கத்துப் பங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு மனு தயார் செய்கின்றன. டெல்லிக்குக் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்தின் கதையோடும், இன்ன வீட்டில் இத்தனை வருடம் குடியிருந்தார்கள் என்று வீட்டுச் சொந்தக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று வேண்டும். அப்பா போகுமுன் வீட்டை உன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். ஆகவே அந்தக் கையெழுத்து உன்னுடையது.

போன வாரம் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "ம்மா, நீ இதுல தலையிடாத. வீடு என் பேர்ல இருக்கு. இங்க என் குடியுரிமை ஃபைல் நடந்துக்கிட்டிருக்கு. அகதி, மனு, டெல்லின்னு எதுலயாச்சும் என் பேரு வந்து, நாளைக்கு இங்க ஒருத்தன் கேள்வி கேட்டான்னா? பேசாம அவங்கள வேற வூடு பாத்துக்கச் சொல்லு." பின்னால் உன் சமையலறையில் பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நீ போனை வைத்த பிறகும் அதைக் காதிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை, மகனே. இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. இரண்டு நாள் கழித்து, மீன் கழுவிக்கொண்டிருந்தபோது தெரிந்தது: அது என் குரல்.

அதற்கு முன் உன் தாத்தா கதை. நீ பிளஸ் டூ படிக்கும்போது அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிப் புலம்புவாய். பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப்போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமையே தொடர வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு காலக்கெடு வைத்தார்கள். சின்னத் தாத்தா எழுதிக் கொடுத்தார். உன் தாத்தா போகவில்லை. நாற்று பறிக்க ஆள் வந்திருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்றார். நாளை என்பது நடவு, நடவுக்குப் பின் களை, களைக்குப் பின் கெடு முடிந்தது. ஒரே உலையில் வெந்த சோற்றைச் சாப்பிட்ட இரண்டு பேரில் ஒருவர் பிள்ளைகள் பாரிசுக்கு நம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற மாதிரிப் போய் வந்தார்கள். மற்றவர் பேரன் நீ, விசாவுக்காகச் சென்னையில் வெயிலில் நின்றாய். "தாத்தா அன்னைக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா என் தலையெழுத்தே வேறம்மா. ஒரு கையெழுத்து! அதுக்கு என்ன வலிச்சிச்சு அவருக்கு?" என்பாய். உன் அப்பா பேப்பரை இறக்காமலே, "அவருக்குக் கை வலிக்கலடா, நாத்து வாடிப்போயிடும்னு பயம்" என்பார். இப்போது அந்தப் பதில் எனக்கு அடிக்கடி நினைவு வருகிறது. உன் தாத்தா கெட்டவர் இல்லை. அவருடைய நாற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஒன்பது வருடத்துக்கு முன், நீ பாரிசுக்குப் போன அந்த அக்டோபர் என் மனதில் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற மாதிரி ஒரு மங்கலோடு இருக்கிறது. மழைக்கு முன் நம் ஊரில் ஒரு மஞ்சள் வெளிச்சம் வருமே, சுவரெல்லாம் பழுத்த மாதிரி, அந்த வெளிச்சத்திலேயே அந்த மாதம் முழுவதும் நடந்ததாகத் தோன்றுகிறது. அரசலாற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் கடல் வாடை இருந்தது. நீ பத்து நாளாகப் பேசவில்லை. பதினோராம் நாள் பேசினாய். அங்கே விசா ஆபீசில் தங்குமிடத்துக்குச் சான்று கேட்கிறார்கள், அது இல்லாவிட்டால் எதுவும் நடக்காது, அறை கொடுப்பதாகச் சொன்ன சின்னத் தாத்தா வீட்டார் ஏதோ சாக்குச் சொல்லி ஒதுங்கிவிட்டார்கள் என்றாய். பிறகு உன் குரல் மாறியது. மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் இலங்கைக்காரர், குணா அண்ணர் என்று சொன்னாய், தன் கடை மாடியில் இடம் கொடுத்து, 'இந்தப் பையன் என் வீட்டில் தங்கியிருக்கிறான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தன் கரண்டு பில்லையும் அடையாள அட்டை நகலையும் வைத்துக் கொடுத்தார் என்றாய். "என்னை அவருக்குப் பதினோரு நாளாத்தாம்மா தெரியும். உங்களுக்குப் பயமா இல்லையான்னு கேட்டேன். 'தம்பி, எனக்கு ஒருத்தர் போட்டவர், நான் உனக்குப் போடுறன், நீ இன்னொருத்தருக்குப் போடு, அவ்வளவுதான்'ன்னாரும்மா." நீ அழுதாய். நானும் அழுதேன். அன்றைக்கே கேசரி கிண்டி தெரு முழுக்கக் கொடுத்தேன். பின்கட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. ரெஜினா கதையைக் கேட்டுவிட்டு, "எங்கட ஆக்கள்தானே அக்கா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் இதுவரை உன்னிடம் சொல்லாத விஷயம் அதே சாயங்காலம் நடந்தது. அக்டோபர் ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு நாள் ஒரு வீடு. அந்த வீட்டில் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பூ வைத்துக் காத்திருப்பார்கள். மறுநாள் சாயங்காலம் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவோம். எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று அட்டவணை போடுவது நான். எட்டாம் வகுப்போடு நின்றவள், பொட்டலக் காகிதத்தையும் ஞாயிறு வாசகத்தையும் படித்துப் படித்து எழுத்தைப் பழக்கிக்கொண்டவள். என் நோட்டில் ஒரு கோடு கோணாது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை! வரிசை எண், குடும்பத் தலைவர் பெயர், தெரு, பங்குக் குடும்ப அட்டை எண், நாள். ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து கட்டங்கள். ரெஜினாவுக்குக் குடும்ப அட்டை கிடையாது. அவளுடைய ஞானஸ்நானச் சான்று மன்னாரில் கோயிலோடு எரிந்துபோனது என்பாள். நாலாவது கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தோடு ஒரு வரியை எழுத என் கை வரவில்லை. எழுதாமல் விட்டேன். ஒவ்வொரு வருடமும் விட்டேன். அதில் ஒரு குற்றமும் எனக்குத் தெரியவில்லை. விதி அப்படி, நான் என்ன செய்ய என்று இருந்தேன்.

அன்று சுரூபம் நம் வீட்டிலிருந்து அடுத்த தெருவுக்குக் கிளம்பியது. தெருவில் பள்ளம் தோண்டியிருந்ததால் முன்வாசல் வழியே போக முடியாமல் பக்கச் சந்து வழியாக, பின்கட்டைத் தாண்டிப் போனோம். லூர்து அக்கா பாட்டை எடுத்துக்கொடுக்க, நான் முன்னே நடந்தேன். ரெஜினா வாசலைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே மேஜை இல்லாததால் தையல் மிஷினை நகர்த்தி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, ஒரு டம்ளரில் செம்பருத்தி வைத்திருந்தாள். சந்து வழியாக வருகிறது என்று தெரிந்ததும், இந்தத் தடவை தனக்குத்தான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வாசலில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். பாட்டு அவள் முன்னால் வந்தது, அவளைக் கடந்தது, முனையில் திரும்பியது. யாரும் நிற்கவில்லை. நான்தானே முன்னால் நடந்தேன், நான் நின்றால்தானே அவர்கள் நிற்பார்கள். நிஷாந்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. என் பக்கத்தில் ஓடி வந்து, என் புடவையைப் பிடித்து, "பெரியம்மா, எங்க வூடு நோட்டுல இல்லையா?" என்று கேட்டாள். "அட்டை இருந்தாத்தான் கண்ணு" என்றேன். என் மகனுக்கு ஒருவர் பதினோரு நாள் பழக்கத்தில் கையெழுத்துப் போட்டார் என்று மத்தியானம் கேசரி கொடுத்தவள், சாயங்காலம் அப்படிச் சொன்னேன். மறுநாள் ரெஜினா கேசரிக் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே நாலு செம்பருத்தி இருந்தது.

அதன் பிறகு மத்தியானம் கண்ணயர்ந்தால் ஒரு கனவு வரும். நீளமான ஒரு கூடம். பெஞ்சில் வரிசையாக ஆட்கள். அவர்களோடு நம் மாதா, நீலப் போர்வையோடு, இடுப்பில் பிள்ளையோடு, கையில் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். போர்வையின் ஓரம் ஈரம், உப்புப் பூத்திருக்கிறது. பிள்ளை தூங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கடல், ஆனால் அலை சத்தமில்லாமல் வந்து போகிறது. எண்ணைக் கூப்பிடுகிறார்கள், அவள் எழுந்து மேஜைக்கு வருகிறாள். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் தலை நிமிராமல் அட்டை எண் கேட்கிறார். அவள் சிரித்தபடி நிற்கிறாள். மேஜைமேல் இருக்கிற நோட்டை எட்டிப் பார்க்கிறேன். ஸ்கேல் வைத்துப் போட்ட ஐந்து கட்டங்கள். என் கையெழுத்து.

இந்தக் கனவை இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு அக்டோபர் வந்து போயின, இரண்டு தடவையும் பின்கட்டை விட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மூன்றாம் வருடம் புதிதாக மாறி வந்த சாமியாரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய், "சாமி, இந்த அட்டை விதியைக் கொஞ்சம் தளர்த்த மேலிடத்துல அனுமதி வாங்கித் தர முடியுமாங்க?" என்று கேட்டேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "எந்த விதிங்கம்மா?" "இதாங்க, நாலாவது கட்டம்." "இது நீங்க போட்ட கட்டமால்ல இருக்கு. மாதா வீட்டுக்கு வரதுக்கு அட்டை வேணும்னு யாரு சொன்னா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. பக்கம் அழகாக நிறைய வேண்டும் என்று நான் போட்ட கோடு. வருடா வருடம் பழைய நோட்டைப் பார்த்துப் புது நோட்டில் போட்டுப் போட்டு, அது எனக்கே மேலிடத்து உத்தரவாகிவிட்டது. அந்த அக்டோபரில் நாலாவது கட்டத்தை எடுத்துவிட்டேன். பின்கட்டுக்கு மாதா போனாள். ரெஜினா தையல் மிஷினில்தான் வைத்தாள். இப்போது மேஜை இருந்தாலும் அதில்தான் வைக்கிறாள்.

அதனால்தான் இந்த மனு வேலையில் இறங்கினேன். சட்டம் என்றால் மலை மாதிரி நிற்கிறது, நாம் என்ன செய்ய என்று முதலில் நினைத்தேன். பிறகு, அதுவும் எங்கோ ஒரு மேஜையில் ஒரு மனிதர் ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவரும் என்னைப்போல் கெட்டவராக இல்லாமலே போட்டிருப்பார். போய்க் கேட்டால்தான் தெரியும். சவரிமுத்து வாத்தியாரிடம் சட்டச் சொற்களைக் கேட்டுக் கேட்டு எழுதிப் பழகினேன். கருக்களாச்சேரியில் மீனவர் வீடுகளில் போய் உட்கார்ந்து கையெழுத்து வாங்கினேன். அங்கே ஒருவர், "கடல்ல தத்தளிக்கிறவன எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தான் கயிறு போடுவோமா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

நேற்று மும்தாஜ் தன் கடிதத்தைப் படித்துக் காட்டினாள். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்த காலத்தில் பாஸ்போர்ட்டை முதலாளி பீரோவில் பூட்டி வைத்திருந்ததும், பெற்ற தாய் மௌத்தானபோது வர முடியாமல் போனதும் உனக்குத் தெரியும். "நம்ம புள்ளைங்களுக்கு அந்த ஊருல யாராச்சும் எரக்கம் காட்ட மாட்டாங்களான்னு அஞ்சு வேளையும் துவா கேக்குறோம். நம்ம வாசல்ல நிக்கிற புள்ளைக்கு நாம காட்டலன்னா அந்த துவா எங்கக்கா போய்ச் சேரும்?" என்றாள். லூர்து அக்கா, "அடியே, சாமியாரு பிரசங்கத்துக்கு உன்னைக் கூப்பிட்டிருக்கலாம்" என்றாள். "கூப்புடுங்க, பிரியாணி போட்டா வர்றேன்" என்றாள் மும்தாஜ். அந்தச் சிரிப்புக்கு நடுவில் நிஷாந்தி எழுந்து எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். வாத்தியாருக்குக் கொடுக்கும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து மணிக்கட்டைப் பிடித்து, "சார், மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் விரல்கள் நாடியை எண்ணிக்கொண்டிருந்தன. அந்த விரல்களைத்தான் வேலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். உன் கடிதத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது ரெஜினா மட்டும், "தம்பிக்குக் கரைச்சல் வருமெண்டால் வேண்டாம் அக்கா. அவன் நல்லா இருக்கட்டும்" என்றாள்.

உன் பயம் பொய் இல்லை. வாத்தியார் அழைத்துப்போய் ஒரு வக்கீலிடம் கேட்டேன். ரெஜினா ஒளிந்து இருந்தவள் அல்ல, சொன்ன நாளிலெல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிந்து வந்தவள், நடந்த உண்மையை உண்மையாக எழுதிக் கொடுப்பதில் வீட்டுக்காரருக்கு ஒரு குற்றமும் இல்லை என்றார். ஆனால் அங்கே உன் ஃபைலை எந்தக் கண் பார்க்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்றுமே ஆகாது என்று உனக்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். குணா அண்ணருக்கும் அப்படி யாரும் சத்தியம் செய்து கொடுத்திருக்க மாட்டார்கள். பயப்படு, அது தப்பில்லை. உன் பயத்தைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிடாதே. நீ நாளைக்கு அந்த நாட்டுக் குடிமகன் ஆவாய். உனக்கும் ஒரு மேஜை கிடைக்கும், நோட்டு கிடைக்கும், கட்டம் போட ஸ்கேல் கிடைக்கும். அப்போது எதிரே நிற்கிறவரை நிமிர்ந்து பார். எனக்கு நிமிர்ந்து பார்க்க மூன்று வருடம் ஆனது.

வேறு வீடு பார்த்துக்கச் சொல் என்றாயே, அதை மட்டும் நான் செய்யப் போவதில்லை. வீடு உன்னுடையதுதான், வாசலில் நிற்பது நான். நீ கையெழுத்துப் போடாவிட்டால் உன்மேல் எனக்கு அன்பு குறையாது. உன் தாத்தாமேல் உனக்குக் குறையாத மாதிரி. ஆனால் நிஷாந்திக்கும் ஒரு நாள் பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள். அந்த வீட்டு ஓனருக்குக் கை என்ன வலித்தது என்று அவர்கள் கேட்கும்போது பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன்.

இப்போது மத்தியானம். மழைக்கு முன் வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் வந்துவிட்டது. பின்கட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம் தூக்கத்தில் கேட்பதுபோல் கேட்கிறது. இந்த வருடம் சனிக்கிழமை சாயங்காலம் மாதா நம் வீட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகிறாள். எந்த வழியாகப் போவது என்று கேட்டவர்களிடம் சந்து வழியாகவே என்று சொல்லியிருக்கிறேன். மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்ததும் மனுக்களை எல்லாம் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

கடிதத்தின் மாதிரியை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆறு வரிதான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. போட மாட்டேன் என்றால் அதையும் உன் வாயால் சொல். எதுவானாலும் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அம்மா